இரவில் விறைக்கும் கை: சத்திரசிகிச்சைக்கு முன்னர் செய்யக்கூடியவை

கிளிநொச்சியில் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கும் ஓர் அக்காவிடம் நுண்கடன் பற்றிக் கதைக்கப் போயிருந்தேன். கதைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் வலது கையை நான்கைந்து தடவை உதறினார். உடல் வெப்பமானியை உதறுவார்களே, அதுபோல. என்னவென்று கேட்டேன்.

"இரவு ரெண்டு மணிபோல எழும்பிடுவன் தங்கச்சி. கை கட்டை மாதிரிக் கிடக்கும். உதறி உதறித்தான் உயிர் வரும். பிறகெங்க நித்திரை? மூண்டரைக்கு மா குழைக்க எழும்பவேணும்."

இதற்கு அவர் மருந்து எடுக்காமல் இல்லை. ஆனால் எடுத்தது கைக்கான மருந்து அல்ல. "இரவில் திடுக்கிட்டு எழும்புறன், நித்திரை இல்லை" என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார். 2009 இல் முள்ளிவாய்க்காலில் இருந்து இரண்டு பிள்ளைகளோடு வெளியே வந்தவர். கணவர் இல்லை. அப்படிப்பட்ட ஒருவர் இரவில் திடுக்கிட்டு எழும்புவதாகச் சொன்னால் கேட்பவர் என்ன நினைப்பார்? நித்திரைக் குளிசை கிடைத்தது. குளிசை போட்டும் கை விறைப்பது நிற்கவில்லை. அவரும் அதைப் பழைய நினைவுகளின் கணக்கில் எழுதிவைத்துவிட்டு இருந்தார்.

போரைக் கடந்து வந்தவர்களின் உடல் வருத்தங்கள் பல இப்படித்தான் காணாமல் போகின்றன. ஒன்றில் "எல்லாம் மனசுதான்" என்பார்கள், அல்லது "பழைய காயம், அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். கெட்ட கனவும் விறைத்த கையும் ஒரே ஆளிடம் இருக்கவும் முடியும். ஆனால் எழும்பியவுடன் கை எப்படி இருந்தது என்ற ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த அக்காவின் வருத்தத்துக்குப் பெயர் முன்னரே கிடைத்திருக்கும். காபல் டனல் சின்ட்ரோம். தமிழில் மணிக்கட்டுக் குகை நோய் என்று சொல்லலாம். உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் நரம்பு நெரிபடும் நோய் இதுதான். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் வருகிறது. நேரத்தோடு கண்டுபிடித்தால் பலருக்குக் கத்தி வைக்காமலே குறைக்க முடியும். அந்த 'நேரத்தோடு' என்பதுதான் எங்கள் இடங்களில் பெரும்பாலும் தவறிப்போகிறது.

குகைக்குள் நடப்பது

உள்ளங்கையும் முன்கையும் சேரும் இடத்தில் ஓர் ஒடுங்கிய வழி இருக்கிறது. அடியிலும் பக்கங்களிலும் மணிக்கட்டின் 8 சிறு எலும்புகள். மேலே கூரைபோல ஒரு தடித்த நார்ப்பட்டி. இந்த வழியால் விரல்களை மடக்கும் 9 தசைநாண்கள் போகின்றன. அவற்றுக்கு நடுவே ஒரேயொரு நரம்பும் போகிறது. மீடியன் நரம்பு என்று வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவற்றின் உணர்வும், பெருவிரலின் அடியில் இருக்கும் சதையின் பலமும் இந்த நரம்பிலேயே தங்கியிருக்கின்றன.

எலும்பும் நார்ப்பட்டியும் விரிந்து கொடுக்காதவை. தசைநாண்களைச் சுற்றிய உறை கொஞ்சம் தடித்தாலும், உடலில் நீர் கூடினாலும், பழைய முறிவால் எலும்பு இடம் மாறியிருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறும். நெரிபடுவது நரம்புதான். 1981 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் இந்தக் குகைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். மணிக்கட்டு நேராக இருக்கும்போது நோயில்லாதவர்களுக்குச் சராசரி 2.5 மில்லிமீற்றர் இரசம். நோயுள்ளவர்களுக்கு 32. நோயுள்ளவர்கள் மணிக்கட்டை உட்பக்கம் மடக்கியபோது அது 90 ஐத் தாண்டியது. வெளிப்பக்கம் மடக்கியபோது அதைவிடவும் கூடியது.

இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் விளங்கும். நித்திரையில் நாங்கள் கையைச் சுருட்டி, மணிக்கட்டை மடக்கி, தலைக்கோ கன்னத்துக்கோ கீழே வைத்துக்கொள்கிறோம். மணிக்கணக்காக அழுத்தம் ஏறிக் கிடக்கிறது. நரம்புக்குப் போகும் இரத்தம் குறைகிறது. விறைத்து எழும்புகிறோம். உதறி நேராக்கியதும் இரத்தம் ஓடுகிறது, சுகம் கிடைக்கிறது.

தொடக்கத்தில் இந்தப் பாதிப்பு முழுமையாகத் திரும்பக்கூடியது. மாதங்கள், வருடங்கள் என்று போகும்போது நரம்பின் உறை கெடுகிறது, பிறகு நரம்பு இழைகளே அழிகின்றன. அந்தக் கட்டத்துக்குப் போனபின் பட்டியாலும் ஊசியாலும் முன்பிருந்த கையை மீட்க முடியாது. சத்திரசிகிச்சை செய்தாலும் சில வேளைகளில் முழுதாகத் திரும்பாது.

இது அதுதானா?

விறைப்பு எல்லாம் இந்த நோய் அல்ல. வீட்டிலேயே பார்க்கக்கூடிய சில அடையாளங்கள் உண்டு.

முதலாவது சின்னவிரல். உங்கள் சின்னவிரல் விறைக்கிறதா? மற்ற விரல்கள் விறைத்தும் சின்னவிரலில் உணர்வு சரியாக இருந்தால் மீடியன் நரம்பைச் சந்தேகிக்க வலுவான காரணம் இருக்கிறது. சின்னவிரலும் மோதிர விரலும் மட்டும் விறைத்தால் அது வேறு நரம்பு. பெரும்பாலும் முழங்கையில் நெரிபடுவது. இரண்டாவது இரவு. நித்திரையைக் குழப்பி, உதறினால் குறையும் விறைப்பு இந்த நோயின் மிகப் பெரிய அடையாளங்களில் ஒன்று. பஸ்ஸில் மேலே கம்பியைப் பிடித்து நிற்கும்போதும், தொலைபேசியைக் காதில் வைத்துக் கதைக்கும்போதும், சைக்கிள் ஓடும்போதும் விறைப்பதும் இதே வகைதான்.

இன்னொரு சோதனை உண்டு. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழ்நோக்க, மணிக்கட்டு நன்றாக மடங்க ஒரு நிமிடம் வைத்திருங்கள். அந்த ஒரு நிமிடத்துக்குள் பெருவிரல் பக்கத்து விரல்களில் விறைப்போ ஊசி குத்துவதுபோன்ற உணர்வோ வந்தால் சோதனை ஆம் என்கிறது. இதை 1950 களில் பரவலாக்கிய அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஜோர்ஜ் பேலனின் பெயரால் பேலன் சோதனை என்கிறார்கள். இது முடிந்த முடிவு அல்ல. வைத்தியரிடம் போகும்போது சொல்லவேண்டிய ஒரு தகவல், அவ்வளவுதான்.

எங்கள் ஆட்களுக்கு இங்கே ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. கழுத்திலோ தோளிலோ முன்கையிலோ செல் துண்டு பட்டவர்களுக்கு, அந்த இடத்திலேயே நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். கழுத்து எலும்புத் தேய்வாலும் கை விறைக்கும். கழுத்தைத் திருப்பும்போது வலி கையால் இறங்கினால் பிரச்சினை மேலே இருக்கிறது. இரண்டு பாதங்களும் இரண்டு கைகளும் சேர்ந்து எரிந்தால் சீனி வருத்தத்தை முதலில் பார்க்கவேண்டும். தோலில் உணர்வில்லாத வெளிறிய தழும்பும் கை விறைப்பும் சேர்ந்திருந்தால் தொழுநோயா என்று பார்க்கவேண்டும். அது இலங்கையில் இன்னும் இருக்கிறது, மருந்து இலவசம், குணமாகும். வெட்கப்பட்டு மறைத்தால்தான் கை போகும்.

ஒரு பக்கக் கை திடீரென்று பலமிழந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். மணிக்கட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

நோயை உறுதிப்படுத்த நரம்பின் மின்கடத்தலை அளக்கும் பரிசோதனை இருக்கிறது. எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை, பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். சிலருக்கு ஸ்கேன் மூலமும் பார்ப்பார்கள். உடம்பில் செல் துண்டு இருக்கும் பலர் 'ஸ்கேன்' என்றதும் பயந்து கிளினிக்கை விட்டுவிடுவது எனக்குத் தெரியும். காந்தப் புலத்தில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குத்தான் உலோகத் துண்டு பற்றிக் கட்டாயம் முன்கூட்டிச் சொல்லவேண்டும். இந்த நோய்க்குப் பெரும்பாலும் எம்.ஆர்.ஐ. தேவைப்படுவதில்லை. நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கும், வயிற்றைப் பார்க்கும் அதே வகை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கும் செல் துண்டு தடை இல்லை. எதற்கும் உடம்பில் துண்டு இருப்பதை எல்லா இடத்திலும் சொல்லிவையுங்கள். அதை மறைக்கவேண்டிய காலம் இருந்தது. வைத்தியரிடம் மறைக்கவேண்டியதில்லை.

இரவுப் பட்டி

சத்திரசிகிச்சை இல்லாத வழிகளில் மலிவானதும் முதலில் செய்யவேண்டியதும் இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டி. ஸ்பிளின்ட் என்று பாமசியில் கேட்டால் தருவார்கள். அரச வைத்தியசாலைகளில் இயன்மருத்துவப் பிரிவோ தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவோ இருந்தால் அங்கே கைக்கு அளவாகச் செய்துகொடுப்பதும் உண்டு. முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்.

கடையில் வாங்கும் பட்டியில் ஒரு பிழை இருக்கிறது. உள்ளே உள்ளங்கைப் பக்கம் ஓர் உலோகத் தகடு இருக்கும். அது பல பட்டிகளில் கையை வெளிப்பக்கம் சற்று வளைத்துப் பிடிப்பதாகவே வருகிறது. சுளுக்குக்கு அது சரி. இந்த நோய்க்குச் சரியில்லை, ஏனென்றால் மேலே சொன்ன அழுத்தம் மணிக்கட்டு நேராக இருக்கும்போதுதான் மிகக் குறைவு. தகட்டை வெளியே எடுத்து, மேசையில் வைத்து அமர்த்தி நேராக்கி, திரும்பப் போடுங்கள். பட்டியைக் கட்டியபின் முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்கவேண்டும். விரல்களைச் சுதந்திரமாக மடக்க முடியவேண்டும். இறுக்கிக் கட்டக்கூடாது. இறுக்கினால் நாங்களே இன்னொரு நெரிபாட்டை உண்டாக்குகிறோம்.

பட்டி வாங்கக் காசில்லாவிட்டால் தற்காலிகமாக ஒரு வழி உண்டு. சிறிய துவாயை முன்கையின் பாதியில் இருந்து உள்ளங்கை நடுவரை தளர்வாகச் சுற்றி, உள்ளங்கைப் பக்கம் ஓர் அரையடி அடிமட்டத்தை வைத்து, அதன்மேல் கிறேப் பண்டேஜைச் சுற்றலாம். விரல் நுனி நீலம் பாரித்தாலோ குளிர்ந்தாலோ உடனே கழற்றவேண்டும். பழைய காயத்தால் கையின் தோலில் உணர்வு குறைந்தவர்கள் காலையில் தோலைப் பார்க்கவேண்டும். அழுத்தம் பட்டுப் புண் வந்தாலும் அவர்களுக்குத் தெரியாது.

நாலு நாள் போட்டுவிட்டு "சரிவரேல்லை" என்று கழற்றி வைப்பவர்கள்தான் கூட. குறைந்தது 6 கிழமை, ஒவ்வோர் இரவும். அதன் பிறகு கணக்குப் பார்க்கலாம். ஒரு பழைய கலண்டரில் கை விறைத்து எழும்பிய இரவுகளை மட்டும் புள்ளியிட்டு வாருங்கள். புள்ளிகள் குறைகின்றனவா என்பது, 'கொஞ்சம் சுகம்போல' என்ற நினைவைவிட நம்பகமானது. வைத்தியருக்கும் அதைக் காட்டலாம்.

பகலில் கை செய்வது

அந்த அக்காவிடம் கையைப் பாவிக்காதீர்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவருடைய கை நின்றால் அடுத்த கிழமைக் கடன் தவணை நிற்கும். தையல் மெசினில் இருப்பவர், வலை பொத்துபவர், பனையோலை பின்னுபவர், முகமாலையில் மண்ணைக் கீறிக் கண்ணிவெடி தேடுபவர், எல்லாருக்கும் நிலைமை இதுதான். 'வேலையைக் குறையுங்கள்' என்று துண்டில் எழுதிக் கொடுப்பது சுலபம். எனவே வேலையை விடாமல் எதை மாற்றலாம் என்றுதான் பார்க்கவேண்டும்.

குகைக்குக் கேடு செய்பவை மூன்று: மணிக்கட்டு மடங்கிய நிலை, இறுக்கமான பிடி, அதிர்வு. இவை ஒன்றோடொன்று சேரும்போது இன்னும் மோசம். கணினித் தட்டச்சுதான் இந்த நோய்க்குக் காரணம் என்று பரவலாக நம்பப்படுகிறது. அதற்கான சான்று பலவீனமானது. பலமாகப் பிடித்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கும் அதிரும் கருவிகளுக்கும்தான் சான்று வலுவாக இருக்கிறது. அலுவலகத்தில் இருப்பவரைவிட லான்ட்மாஸ்டர் ஓட்டுபவரும் புல்வெட்டும் மெசின் பிடிப்பவரும்தான் கூடக் கவனிக்கவேண்டும்.

இடியப்பம் பிழிபவர் மாவைச் சுடுநீரில் கொஞ்சம் இளக்கமாகக் குழைத்து ஆறமுன்னர் பிழிந்தால் கைக்கு வரும் பாரம் குறையும். உரலின் பிடிக்குத் துணி சுற்றித் தடிப்பாக்கினால் விரல்கள் அவ்வளவு இறுகத் தேவையில்லை. மண்வெட்டி, கத்தி, சைக்கிள் பிடி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றினால் பிடி தடிக்கும், வழுக்காது, அதிர்வும் கொஞ்சம் குறையும். உடுப்பைக் கையால் முறுக்கிப் பிழிவது மணிக்கட்டுக்கு மிகக் கெட்ட வேலைகளில் ஒன்று. நீர் வடியக் கொடியில் போட்டுவிட்டுப் போகலாம். தைப்பவர்கள் கத்திரிக்கோலைச் சாணை பிடித்து வைத்திருக்கவேண்டும், ஒரே தரத்தில் வெட்டும் மடிப்புகளைக் குறைக்கவேண்டும், கதிரையின் உயரம் முன்கை மேசைக்கு நேராக வரும்படி இருக்கவேண்டும். எல்லாருக்கும் பொதுவானது, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கையை விட்டு, விரல்களை விரித்து மூடி, ஒரு நிமிடம் ஓய்வு. ஆடைத் தொழிற்சாலையில் இலக்கு வைத்து வேலை வாங்கும் வரிசையில் அந்த ஒரு நிமிடம் கிடைக்காது என்று தெரியும். அங்கே வேலை செய்பவர்கள் வைத்தியரின் துண்டோடு, வரிசைக்குள் வேறு வகை வேலைக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். தனியே கேட்பதைவிட, ஒரே வருத்தம் உள்ள மூன்று நான்கு பேர் சேர்ந்து கேட்பது நல்லது.

கையே காலானவர்களுக்கு

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கையால் சக்கர நாற்காலி தள்ளுபவர்களிடம் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இந்த நோயின் அடையாளங்கள் இருப்பதாக வெளிநாட்டு ஆய்வுகள் பல காட்டுகின்றன. வருடங்கள் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. எங்கள் ஆட்கள் பலர் நாற்காலியில் இருக்கத் தொடங்கி 2009 இல் இருந்து கணக்கு வைத்தாலே எத்தனை வருடம் ஆகிவிட்டது!

முல்லைத்தீவில் ஒருவர் இரண்டு கைகளும் விறைப்பதாகச் சொன்னார். சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்தும் அவர் போகவில்லை. "ஒப்பரேசன் செய்தால் கையை ஊண்டக்கூடாதாம். கட்டிலில இருந்து கதிரைக்கு, கதிரையில இருந்து கக்கூசுக்கு ஆர் என்னைத் தூக்குறது? அம்மாவுக்கு எழுபது வயசு." அவருக்கு இது பயம் அல்ல, கணக்கு. ஆகவே நோய் அந்த இடத்துக்குப் போகாமல் பார்ப்பது இவர்களுக்கு மற்ற எவரையும்விட முக்கியம்.

சக்கரத்தைத் தள்ளும் விதத்தில் இருந்து தொடங்கலாம். சின்னச் சின்னத் தள்ளல்களாகப் பல தரம் தள்ளுவதைவிட, நீண்டு மென்மையாகத் தள்ளி, கையை விட்டதும் அது தானாகக் கீழிறங்கி, வளையத்துக்குக் கீழாகவே பின்னால் திரும்பி வருவது நல்லது. அதே தூரத்துக்குத் தள்ளல்களின் எண்ணிக்கை குறையும். சக்கரத்தின் உச்சியில் கை வைத்திருக்கும்போது முழங்கை 100 முதல் 120 பாகை வரை மடங்கியிருக்கவேண்டும். கை முழுதாக நீண்டுவிட்டால் இருக்கை உயரம் கூட, தோள் தூக்கினால் இருக்கை பதிவு. பின்சக்கரத்தின் அச்சை, நாற்காலி பின்பக்கம் கவிழாத அளவுக்கு, கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவந்தால் தள்ளுவது இலகுவாகும். நன்கொடையாக வரும் பாரமான நாற்காலிகள் பலவற்றில் இதைச் செய்ய முடியாது என்பது கவலையான உண்மை. ஆனால் எந்த நாற்காலியிலும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ரயருக்கு ஒழுங்காகக் காற்று அடியுங்கள். காற்றில்லாத ரயரோடு கிரவல் ஒழுங்கையில் தள்ளுவது, பிறேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓடுவதுபோல.

கட்டிலுக்கும் நாற்காலிக்கும் மாறும்போது உள்ளங்கையைத் தட்டையாக ஊன்றி மணிக்கட்டை 90 பாகைக்கு மடக்கி உடம்பைத் தூக்குவதுதான் வழக்கம். குகைக்குள் அழுத்தம் மிக மோசமாக ஏறும் தருணம் அது. கட்டிலின் விளிம்பை விரல்களால் சுற்றிப் பிடித்தோ, கையை முட்டியாக்கி ஊன்றியோ மணிக்கட்டை நேராக வைத்துத் தூக்கலாம். கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரத்தில் இருந்தால் தூக்கத் தேவையில்லை, வழுவழுப்பான பலகையில் சறுக்கி மாறலாம். கட்டில் காலுக்குக் கல் வைத்தோ, காலை வெட்டியோ உயரத்தைச் சரிப்படுத்துவது ஒரு தச்சருக்கு அரை மணி நேர வேலை.

ஊன்றுகோல் பாவிப்பவர்களுக்கு, பிடியைப் பிடிக்கும்போது முழங்கை 15 முதல் 30 பாகை வரை மடங்கவேண்டும். பிடிக்குத் தடித்த துணியோ ரப்பரோ சுற்றவேண்டும். உடம்புப் பாரத்தைக் கமக்கட்டில் தொங்கவிட்டால் அங்கே வேறொரு நரம்பு நெரிபட்டு மணிக்கட்டையே தூக்க முடியாமல் போகலாம். ஒரு கையை இழந்தவர்களுக்கு மற்றக் கைதான் எல்லாம். அந்தக் கையில் இரவு விறைப்பு வந்தால் ஆறு மாதம் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. செயற்கை உறுப்பு, ஊன்றுகோல், நாற்காலி ஆகியவற்றின் அளவு திருத்தங்களுக்கு, 1987 இல் இருந்து இயங்கும் யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிறுவனத்தையோ அருகிலுள்ள வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவையோ நாடலாம்.

குளிசையும் ஊசியும் எண்ணெயும்

பாமசியில் 'நரம்புக் குளிசை' என்று கேட்டு வாங்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. பெரும்பாலும் அது பி வகை விற்றமின்களின் கலவை. விற்றமின் பி6 இந்த நோய்க்கு உதவுவதாக நல்ல சான்று இல்லை. மாறாக, அதைக் கூடிய அளவில் நெடுங்காலம் எடுத்தால் அதுவே கைகால் நரம்புகளைப் பாதிக்கும். பி12 குறைபாடு உள்ளவர்களின் விடயம் வேறு. நீரிழிவுக்கு மெற்போமின் நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு அந்தக் குறைபாடு வரலாம், வைத்தியர் பரிசோதித்துக் கொடுப்பார். டைக்குளோபினாக் போன்ற வலிக் குளிசைகள் நெரிபாட்டைக் குறைப்பதில்லை. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அவை ஆபத்தானவை. வன்னியில் சிறுநீரக நோயாளர் எத்தனை பேர் என்று யோசித்தால் இதை இரண்டு தரம் சொல்லவேண்டும்.

எண்ணெய் பூசி மெதுவாகத் தடவுவதில் கேடு இல்லை, வலிக்குக் கொஞ்சம் ஆறுதல் தரும். மணிக்கட்டை அழுத்தி நெரித்து 'நரம்பு எடுப்பது' வேண்டாம். ஏற்கனவே நெரிபட்டிருப்பது அந்த நரம்புதான். விறைத்த கைக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடுப்பவர்கள் மற்றக் கையால் சூட்டைப் பார்க்கவேண்டும். விறைத்த விரலுக்குச் சுடுவது தெரியாது.

ஸ்ரீரொயிட் ஊசி உண்மையாக வேலை செய்யும் ஒரு வழி. குகைக்குப் பக்கத்தில், பயிற்சி பெற்ற வைத்தியர் போடுவது. 2018 இல் 'லான்செற்' சஞ்சிகையில் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், மிதமான நோயுள்ள 234 பேரில் ஒரு பகுதியினருக்கு ஓர் ஊசியும் மற்றப் பகுதியினருக்கு 6 கிழமை இரவுப் பட்டியும் கொடுத்துப் பார்த்தார்கள். 6 கிழமையில் ஊசி போட்டவர்கள் கூடுதல் சுகம் கண்டிருந்தார்கள். 6 மாதத்தில் இரண்டு பகுதியினருக்கும் வித்தியாசம் இல்லை. பட்டியால் சுகம் காணாதவர்களிடம் சுவீடனில் நடந்து 2013 இல் வெளியான இன்னோர் ஆய்வில், வெறும் உப்புநீர் போன்ற போலி ஊசி போடப்பட்டவர்களில் ஒரு வருடத்துக்குள் 92 சதவீதமானோர் சத்திரசிகிச்சைக்குப் போனார்கள். 80 மில்லிகிராம் மருந்து போடப்பட்டவர்களில் போனவர்கள் 73 சதவீதம். ஊசி நேரத்தை வாங்கித் தருகிறது என்றுதான் இதை நான் வாசிக்கிறேன். நேரமே பெரிய விடயமானவர்கள் இருக்கிறார்கள்: பிரசவத்தை எதிர்பார்ப்பவர், அறுவடை முடியும்வரை தாங்கவேண்டியவர், பராமரிக்க ஓர் ஆள் வந்து சேரும்வரை காத்திருப்பவர். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சீனி ஏறும், முன்கூட்டிச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு உடலில் நீர் கூடுவதால் வரும் விறைப்பு பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் சில கிழமைகளில், மாதங்களில் போய்விடும். பட்டி போதும். வலிக் குளிசையைத் தாங்களாக வாங்கிப் போடக்கூடாது. மற்றவர்களுக்கு, கைக்கு மருந்து தேடுவதற்கு முன்னர் சீனியையும் தைரொயிட்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைரொயிட் சுரப்புக் குறைவால் வந்த விறைப்பு அதற்குரிய குளிசையாலேயே குறையலாம். மூட்டுவாதம் உள்ளவர்களும், நெடுங்காலமாக இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர்களும் தங்கள் கிளினிக்கிலேயே கை விறைப்பைச் சொல்லவேண்டும்.

காத்திருக்கக் கூடாதவர்கள்

சத்திரசிகிச்சை இல்லாமல் பார்க்கலாம் என்று இவ்வளவு எழுதியபின் இதையும் எழுதாவிட்டால் பிழை. விட்டு விட்டு வந்த விறைப்பு இப்போது நாள் முழுவதும் நிற்கிறதா? சட்டைப் பொத்தான் போட முடியவில்லையா, கோப்பை கையில் இருந்து நழுவுகிறதா? இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெருவிரலின் அடியில் உள்ள மேடு ஒரு கையில் வற்றி, பள்ளமாகத் தெரிகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பட்டியோடு மாதக்கணக்கில் இருக்கக்கூடாது. வலியும் விறைப்பும் இருந்து பிறகு வலி தானாகக் குறைந்து கை பலமிழப்பது சுகம் வந்ததன் அடையாளம் அல்ல, நரம்பு சாவதன் அடையாளமாக இருக்கலாம். விழுந்தோ விபத்திலோ மணிக்கட்டு முறிந்தபின் விறைப்பு வேகமாகக் கூடினால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

சத்திரசிகிச்சை என்பதும் ஊர்க்கதைகளில் வருமளவுக்குப் பயங்கரமானது அல்ல. கையை மட்டும் விறைக்கச் செய்து, கூரைபோல இருக்கும் அந்த நார்ப்பட்டியை வெட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீடு. இலேசான வேலைகளுக்கு இரண்டு கிழமை, பாரம் தூக்க ஆறு கிழமை அளவில். இரண்டு கைகளும் பாதிக்கப்பட்ட சக்கர நாற்காலிக்காரர் ஒரு நேரத்தில் ஒரு கையை மட்டும் செய்யும்படியும், வீட்டில் உதவி இல்லையென்றால் அந்த நாட்களுக்கு விடுதியில் வைத்திருக்க முடியுமா என்றும் திகதி எடுக்கும்போதே கேட்கவேண்டும்.

வெளிநோயாளர் பிரிவில் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அதற்குள் "கை உளைவு" என்று மட்டும் சொன்னால் வலிக் குளிசைதான் வரும். எந்தெந்த விரல்கள், சின்னவிரல் விறைக்கிறதா இல்லையா, கிழமையில் எத்தனை இரவு எழும்புகிறீர்கள், உதறினால் குறைகிறதா, எத்தனை மாதமாக, சீனியோ தைரொயிட்டோ இருக்கிறதா, உடம்பில் செல் துண்டு எங்கே இருக்கிறது என்று ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கையின் படத்தைக் கீறி விறைக்கும் இடத்தைப் பேனாவால் நிழலாக்கினால் இன்னும் நல்லது. வைத்தியர்களே நோயாளரிடம் கேட்டு வாங்கும் ஒரு படம்தான் அது.

இடியப்பம் அவிக்கும் அக்காவுக்குச் சீனியும் இருப்பது அந்தத் தாளோடு போனபோதுதான் தெரியவந்தது. இப்போது இரவில் பட்டி போடுகிறார். முதல் கிழமை கொதிக்குது, கடிக்குது என்று கழற்றி எறிந்ததாகச் சொன்னார். உள்ளே ஒரு பழைய காலுறையை வெட்டிப் போட்டுக்கொண்டு திரும்பக் கட்டியிருக்கிறார். போன மாதம் கலண்டரில் பதினொரு புள்ளி. அதற்கு முந்திய மாதம் இருபத்திநாலு. நித்திரைக் குளிசையை அவர் தானாக நிறுத்தவில்லை. அதைப் பற்றி அடுத்த கிளினிக்கில் கேட்கப்போவதாகச் சொன்னார்.